நீலகிரித் தைலம்: தெரிந்து பயன்படுத்துவோம்

(பெங்களூர் அடுகோடியில் மாலை நேரக் கற்போர் வகுப்பில் ஆற்றிய உரை)



பெங்களூரில் மார்கழி வந்துவிட்டால் குளிர் வந்துவிடும். அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மூக்கு ஒழுகும். தொண்டை கட்டும். ஓசூர் சாலையின் புகையும் தூசியும் சேர்ந்துகொள்ளும். அப்போது வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு சின்ன பாட்டிலைத் தேடுவார்கள். அதுதான் நீலகிரித் தைலம். யூகலிப்டஸ் தைலம் என்றும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் 'நீலகிரி எண்ணெ' என்பார்கள். பெயர் எதுவானாலும் வாசனை ஒன்றுதான்.

இந்தத் தைலம் நல்லதா? நல்லதுதான். இது ஆபத்தானதா? ஆபத்தும் உண்டு. எங்கே தடவுகிறோம், எவ்வளவு எடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மரம் எங்கிருந்து வந்தது?

பெயரில் நீலகிரி இருக்கிறது. ஆனால் இந்த மரம் நீலகிரியில் பிறந்தது அல்ல. கடல் தாண்டி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.

இந்தியாவில் இது முதலில் எங்கே நடப்பட்டது தெரியுமா? பெங்களூருக்குப் பக்கத்தில்தான். 1790 வாக்கில் திப்பு சுல்தான் நந்தி மலையில் இருந்த தன் தோட்டத்தில் இதை நட்டு வளர்த்தார். அதன் பிறகு 1843-இல் ஆங்கிலேயர்கள் நீலகிரி மலைக்குக் கொண்டு போனார்கள். மலைக் குளிரில் விறகு நிறையத் தேவைப்பட்டது. இந்த மரம் வேகமாக வளர்ந்தது. அதனால் மலை முழுவதும் நட்டார்கள். நீலகிரித் தைலம் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

பின்னால் கோலார் பக்கத்து வயல்களிலும் இந்த மரம் பரவியது. அது நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று உழவர்கள் முறையிட்டார்கள். கர்நாடக அரசு 2017-இல் புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்குத் தடை விதித்தது. இது மரத்தின் கதை. இனி தைலத்தின் கதைக்கு வருவோம்.

இலையிலிருந்து தைலம்

யூகலிப்டஸ் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். தைல வாசனை வரும். இலைக்குள் மிக நுண்ணிய பைகளில் எண்ணெய் இருக்கிறது. அதை நல்லெண்ணெய் போலச் செக்கில் ஆட்டி எடுப்பதில்லை. ஆவியில் எடுக்கிறார்கள்.

பெரிய கொப்பரையில் இலையை நிரப்புவார்கள். அடியில் தீ எரியும். நீராவி இலைகளின் ஊடே மேலே போகும். போகும்போது எண்ணெயையும் ஆவியாக்கித் தூக்கிக்கொண்டு போகும். அந்த ஆவி ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் வரும். அங்கே குளிர்ந்து நீராகவும் எண்ணெயாகவும் மாறும். எண்ணெய் மேலே மிதக்கும். அதை வடித்து எடுப்பார்கள். அதுவே தைலம்.

100 கிலோ இலையைக் காய்ச்சினால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோ தைலம்தான். இதை நன்றாக நினைவில் வையுங்கள். ஒரு கூடை இலையின் சாரம் ஒரு சின்ன பாட்டிலில் அடங்கிவிடுகிறது. ஆகவே ஒரு சொட்டுத் தைலம் என்பது ஒரு சொட்டு நல்லெண்ணெய் போன்றது அல்ல. அதன் வீரியம் மிக அதிகம்.

ஆஸ்திரேலியாவில் கோலா என்று ஒரு விலங்கு இருக்கிறது. அது இந்த இலையைத் தின்றே வாழ்கிறது. அதன் ஈரல் இலையில் உள்ள நஞ்சை முறித்துவிடும். மனிதரின் உடலுக்கு அந்தச் சக்தி இல்லை. ஆடு மாடுகூட இந்த இலையை விரும்பி மேய்வதில்லை.

வாசனை வைத்தியம்

வாசனையைக் கொண்டு உடலுக்கு இதம் தருவது பழைய பழக்கம். சாம்பிராணி போடுகிறோம். சந்தனம் பூசுகிறோம். வெற்றிலையை வாட்டிக் குழந்தையின் நெஞ்சில் வைக்கிறோம். இலை, பூ, பட்டை ஆகியவற்றின் எண்ணெயை முகர்வதும் தடவுவதும் இன்று 'அரோமா தெரபி' என்று அழைக்கப்படுகிறது. நறுமண மருத்துவம் என்று தமிழில் சொல்லலாம். பிரான்சு நாட்டைச் சேர்ந்த கட்டஃபோசே என்னும் வேதியியலார் 1937-இல் எழுதிய நூலின் மூலம் இந்தப் பெயர் உலகெங்கும் பரவியது.

இப்போது அழகு நிலையங்களிலும் கடைகளிலும் இந்த எண்ணெய்கள் விற்கின்றன. 'இயற்கையானது, அதனால் பக்க விளைவே கிடையாது' என்று சிலர் சொல்வார்கள். அது சரியா? அரளி விதையும் இயற்கையில் விளைந்ததுதான். அதைத் தின்றால் உயிர் போகும். இயற்கையானது என்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானதாக ஆகிவிடாது.

மூக்கில் என்ன நடக்கிறது?

நீலகிரித் தைலத்தில் அதிகமாக இருக்கும் பொருளின் பெயர் சினியோல். இதை முகர்ந்ததும் மூக்குக்குள் குளிர்ச்சி தெரியும். மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகள் உண்டு. தைலம் அந்த நரம்புகளைத் தூண்டுகிறது. உடனே மூக்கு திறந்துவிட்டது போல ஓர் உணர்வு வரும். மூச்சு விடுவது சுகமாகத் தோன்றும்.

இந்தச் சுகம் உண்மையானதுதான். உடம்பு வலியோடு படுத்திருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நோய் போய்விட்டதா? இல்லை. சளியும் நோய்க் கிருமியும் அங்கேயேதான் இருக்கும். சாதாரணச் சளி சில நாளில் தானே குணமாகும். அதுவரை தைலம் ஆறுதல் தரும். நுரையீரலில் சளிக் காய்ச்சல் வந்தால் தைலம் போதாது. அதற்கு டாக்டர் வேண்டும்.

நல்ல முறையில் பயன்படுத்துவது எப்படி?

ஒன்று: மூக்கு அடைத்திருக்கும் பெரியவர்கள் கைக்குட்டையில் ஒன்று அல்லது இரண்டு சொட்டு விட்டுச் சிறிது நேரம் முகரலாம். நாள் முழுவதும் மூக்கிலேயே வைத்திருக்க வேண்டாம்.

இரண்டு: கை கால் வலிக்குத் தடவலாம். அப்படியே தடவக் கூடாது. தோல் எரியும். 4 தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 10 சொட்டு தைலம் கலந்து தடவுங்கள். முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். காயத்தின் மேல் தடவாதீர்கள்.

மூன்று: தரை துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு விடலாம். வாடை போகும்.

தைலம் பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் நிறைய நேரம் கழுவுங்கள். தைலம் எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

இழுப்பு நோய் உள்ள சிலருக்கு இந்தக் காரமான வாசனை இழுப்பைக் கிளப்பிவிடும். சிலருக்குத் தலைவலி குறைவதற்குப் பதிலாகக் கூடும். அவர்கள் இதை விட்டுவிடுவதே நல்லது.

பக்கத்து ஆஸ்பத்திரி சொன்ன செய்தி

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. அடுகோடிக்குப் பக்கத்தில், கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இங்குள்ளவர்கள் பலரும் அங்கே போயிருப்பீர்கள். அந்த ஆஸ்பத்திரியின் நரம்பு மருத்துவர்கள் முன்னின்று ஓர் ஆய்வு செய்தார்கள். தென்னிந்தியாவில் 4 ஆஸ்பத்திரிகளில் 4 ஆண்டுகள் அந்த ஆய்வு நடந்தது. 2021-இல் அதன் முடிவு வெளிவந்தது.

வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் டாக்டர்கள் ஒரு புதிய கேள்வியைக் கேட்டார்கள். 'வலிப்பு வருவதற்கு முன்னால் ஏதாவது தைலம் பயன்படுத்தினீர்களா?' என்பதே அந்தக் கேள்வி.

55 பேருக்கு வலிப்புக்கும் தைலத்துக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் 33 பேர் ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்கள். தைலம் அவர்களுக்கு மறுபடியும் வலிப்பைத் தூண்டியது. மற்ற 22 பேருக்கும் அதற்கு முன் வலிப்பு நோயே கிடையாது. கைக்குழந்தை முதல் 77 வயது முதியவர் வரை இந்த 55 பேரில் இருந்தார்கள்.

எந்தத் தைலங்கள்? யூகலிப்டஸ் சேர்ந்தவையும் கற்பூரம் சேர்ந்தவையும்தான். கற்பூரம் என்றால் சாமிக்கு ஏற்றும் சூடம். சளிக்கும் வலிக்கும் விற்கும் பல தைலங்களில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இது எப்படி நடக்கிறது? தைலத்தை முகர்ந்தால் அதன் ஆவி மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. நிறையத் தடவினால் தோல் வழியாகவும் போகும். குடித்தால் மிக வேகமாகப் போகும். இரத்தம் அதை மூளைக்குக் கொண்டு போகிறது. மூளையின் நரம்புகளை அது அளவுக்கு மேல் தூண்டினால் வலிப்பு வருகிறது.

பயப்பட வேண்டாம். தைலம் பயன்படுத்தும் எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லை. லட்சக்கணக்கானவர்கள் முகர்கிறார்கள். மிகச் சிலருக்கே இப்படி ஆகிறது. ஆனால் அந்தச் சிலரில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அதனால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டரிடம் சொல்லாத செய்தி

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இது கற்பனைதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

ஓர் இளம்பெண். தையல் வேலைக்குப் போகிறாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் காலையில் திடீரென்று அவளுக்கு வலிப்பு வந்தது. கை கால் வெட்டி இழுத்தது. நினைவு போய்விட்டது. தாயும் சித்தியும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

டாக்டர் தாயைக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருக்காம்மா?"

"இல்லீங்க டாக்டர். இதுதான் முதல் தடவை."

"காய்ச்சல் இருந்துச்சா? தலையில அடி ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க. சளிதான் பிடிச்சிருந்துச்சு."

"சளிக்கு என்ன மருந்து சாப்பிட்டா?"

"ஒரு மருந்தும் சாப்பிடலீங்க."

தாய் பொய் சொல்லவில்லை. தைலத்தை அவர் ஒரு மருந்தாகவே நினைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு போல, வீட்டில் தைலம். அதை யார் தனியாகச் சொல்வார்கள்?

வெளியே வந்ததும் சித்தி கேட்டார்.

"ஏன் அக்கா, ராத்திரியிலிருந்து அவ கைக்குட்டை நிறையத் தைலத்தை ஊத்தி மோந்துக்கிட்டே இருந்தாளே. அதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அது தைலம்தானேடி! அதைப் போய் யாராவது சொல்லுவாங்களா?"

"சொல்லிட்டு வாங்க அக்கா. சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

இருவரும் திரும்பிப் போய்ச் சொன்னார்கள். டாக்டர் பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதிக்கொண்டார். எந்தத் தைலம், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்டார். பாட்டிலையும் கொண்டு வரச் சொன்னார்.

அந்த ஒரு சொல்லால் என்ன மாறும்? சிந்தித்துப் பாருங்கள்.

சொல்லியிருக்காவிட்டால், காரணம் தெரியாத வலிப்பு என்று ஆகியிருக்கும். அந்தப் பெண் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டி வரலாம். வீட்டில் அதே தைலத்தை அவள் மறுபடியும் முகர்வாள். மறுபடியும் வலிப்பு வரலாம். மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லையே என்று எல்லோரும் கலங்குவார்கள். வலிப்புக்காரி என்று ஊர் பேசும். கல்யாணம் தடைபடும். வேலையும் போகலாம்.

சொல்லிவிட்டால், டாக்டர் வேண்டிய சோதனைகளைச் செய்வார். வேறு காரணம் இல்லை என்று தெரிந்தால் தைலத்தை அடியோடு நிறுத்தச் சொல்வார். மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்று யோசித்து முடிவு செய்வார்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது இதை மறவாதீர்கள். முகர்ந்தது, தடவியது, கொப்பளித்தது, விழுங்கியது எல்லாவற்றையும் சொல்லுங்கள். பாட்டிலைப் பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

இன்னொன்றும் முக்கியம். ஏற்கெனவே வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'எனக்கும் தைலத்தால்தான் வந்திருக்கும்' என்று நினைத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. தைலத்தை நிறுத்துங்கள். மாத்திரையைப் பற்றி டாக்டரைக் கேளுங்கள். டெய்ரி சர்க்கிள் பக்கம் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. மூளை, நரம்பு நோய்களுக்கு அங்கே தனிப் பிரிவுகள் உண்டு.

வலிப்பு வந்தால் என்ன செய்வது?

கையில் இரும்புச் சாவி கொடுப்பது பழைய வழக்கம். அதனால் பயன் இல்லை. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருக்கும். சாவியால்தான் நின்றது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். மயக்கம் தெளியத் தைலத்தையோ வெங்காயத்தையோ மூக்கில் காட்டாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். முதல் முறை வந்த வலிப்பு என்றால், நின்ற பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழந்தைகள் இருக்கும் வீடு

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். உடல் சிறியது. சொட்டுத் தைலமும் அவர்களுக்குப் பெரிய அளவு.

சில வீடுகளில் கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் மூக்கின் ஓரத்தில் தைலம் தடவுகிறார்கள். சூடம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை நெஞ்சில் தேய்க்கிறார்கள். துணியில் சூடத்தைக் கட்டித் தொட்டிலில் தொங்க விடுகிறார்கள். எல்லாம் பாசத்தால் செய்வதுதான். பாட்டி செய்தார், அம்மா செய்தார், அதனால் செய்கிறார்கள். ஆனால் காரமான தைலம் மூக்கில் பட்டால் கைக்குழந்தையின் மூச்சுக்குழல் சட்டென்று இறுகிவிடலாம். மூச்சு நின்று போகலாம். சூடத்தால் வலிப்பு வரலாம்.

2 வயது ஆகாத குழந்தைக்கு இந்தத் தைலமும் வேண்டாம், சூடமும் வேண்டாம். 10 வயது வரை முகத்திலும் மூக்கிலும் தடவ வேண்டாம். வலிப்பு வந்த குழந்தைக்கு எந்த வயதிலும் வேண்டாம்.

அப்படியானால் மூக்கடைத்த குழந்தைக்கு என்ன செய்வது? மருந்துக் கடையில் மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். டாக்டரையோ நர்ஸம்மாவையோ கேட்டு அதை விடலாம். தாய்ப்பால் தொடர்ந்து கொடுக்க வேண்டும். குழந்தை எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ண வேண்டும்.

எப்படி எண்ணுவது? குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிடுங்கள். வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

2 மாதம் ஆகாத குழந்தை: 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து.
2 மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து.
ஒரு வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து.

மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் ஆபத்து. குழந்தை பால் குடிக்காவிட்டாலும் ஆபத்து. அது நிமோனியா என்னும் நுரையீரல் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது தைலம் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். எண்ணத் தெரிந்த தாய் ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்ற முடியும்.

குடித்துவிட்டால்?

தைல பாட்டிலும் குழந்தைகளின் டானிக் பாட்டிலும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். இரவில் விளக்கு இல்லாத நேரத்தில் மாறிப் போகலாம். தவழும் குழந்தை மூடியைத் திறந்து வாயில் வைக்கலாம். சூடத்தைக் கற்கண்டு என்று நினைத்துத் தின்னலாம்.

ஒரு தேக்கரண்டித் தைலம், அதாவது 5 மில்லிகூட, ஒரு சிறு குழந்தைக்குப் பேராபத்து ஆகலாம். முதலில் வாய் எரியும், இருமல் வரும், வாந்தி வரும். சில நிமிடங்களிலேயே குழந்தை மயங்கலாம். வலிப்பும் வரலாம்.

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு தைலம் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

பெரியவர்களும் இருமலுக்கு என்று சர்க்கரையில் சொட்டு விட்டு விழுங்கும் பழக்கம் உண்டு. அதையும் விட்டுவிட வேண்டும்.

ஆவி பிடிப்பது

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா பரவியபோது வீட்டுக்கு வீடு ஆவி பிடித்தார்கள். தண்ணீரில் தைலத்தையும் ஊற்றினார்கள். ஆவி கொரோனாக் கிருமியைக் கொல்லாது என்று டாக்டர்கள் எடுத்துச் சொன்னார்கள். கொதிநீர் கவிழ்ந்து வெந்து போன குழந்தைகள் உண்டு.

பெரியவர்கள் ஆவி பிடிக்க விரும்பினால் வெறும் தண்ணீரே போதும். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத இடத்தில் வையுங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்காதீர்கள். குழந்தைக்கும் பிடிக்க வைக்காதீர்கள்.

பாட்டிலைப் படியுங்கள்

இதுவரை சொன்னதில் பாதி, பாட்டிலின் மேலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரியாத காலத்தில் வாசனையைக் கொண்டும் மூடியின் நிறத்தைக் கொண்டும் அடையாளம் கண்டீர்கள். இப்போது எழுத்து தெரியும். பாட்டிலைக் கையில் எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்.

பெங்களூரில் பெரும்பாலான பாட்டில்களில் ஆங்கிலத்தில்தான் அச்சடித்திருப்பார்கள். 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி' என்று இருக்கும். வெளி உபயோகத்துக்கு மட்டும் என்பது அதன் பொருள். அதாவது குடிக்கக் கூடாது. எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அதைத் தமிழில் ஒரு தாளில் பெரிதாக நீங்களே எழுதுங்கள். பாட்டிலின் மேல் ஒட்டிவிடுங்கள். 'குடிக்கக் கூடாது. குழந்தைக்கு வேண்டாம்.' இந்த நான்கு சொற்களை எழுத உங்களால் முடியும்.

என்னென்ன கலந்திருக்கிறது என்றும் பாருங்கள். 'யூகலிப்டஸ்', 'கேம்ஃபர்' என்ற பெயர்கள் இருக்கிறதா? கேம்ஃபர் என்றால் கற்பூரம். தயாரித்த தேதி, முடியும் தேதி, கம்பெனியின் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். பெயரும் சீட்டும் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

தைலத்தை வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். டானிக் பாட்டிலில் ஊற்றவே கூடாது. மூடியை இறுக்கி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

1. தைலம் ஆறுதல் தரும். நோயைத் தீர்க்காது.
2. வெளியே தடவலாம். உள்ளே குடிக்கக் கூடாது.
3. தேங்காய் எண்ணெயில் கலந்தே தடவ வேண்டும்.
4. 2 வயது ஆகாத குழந்தைக்குத் தைலமும் சூடமும் வேண்டாம்.
5. வலிப்பு உள்ளவர்கள் இந்தத் தைலங்களைத் தவிர்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது.
6. முகர்ந்தது, தடவியது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
7. குழந்தை வேகமாக மூச்சு விட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கலந்து பேசுங்கள்

உங்கள் வீட்டில் என்னென்ன தைலங்கள் இருக்கின்றன? அவற்றில் கற்பூரம் எதில் இருக்கிறது?

உங்கள் தெருவில் வலிப்பு வந்தவர் யாராவது இருக்கிறாரா? அவரிடம் தைலத்தைப் பற்றி டாக்டர் கேட்டாரா? அவர் சொன்னாரா?

கைக்குழந்தை உள்ள பக்கத்து வீட்டுத் தாய்க்கு இந்தச் செய்தியை யார் போய்ச் சொல்வீர்கள்?

இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். நாளைக்கு வகுப்புக்கு வரும்போது ஒரு பாட்டிலைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம்.